உஷார்! ரேடாரில் கம்பி தெரியும், துரு தெரியாது

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் வீடோ லாட்ஜோ வைத்திருப்பவர்களே! "ரேடார் ஸ்கேன் எடுத்தாச்சு, கம்பியெல்லாம் ஓகே" என்று யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால், அதை நம்பிப் பூசி மெழுகிவிடாதீர்கள்.

ரேடார் ஸ்கேன் என்றால், சக்கரம் வைத்த சின்னப் பெட்டியைச் சிலாப்பின் மேல் உருட்டுவார்கள். அது அனுப்பும் மின்காந்த அலை கம்பியில் பட்டுத் திரும்பும். கம்பி இருக்கும் இடமெல்லாம் திரையில் ஒரு கவிழ்ந்த வளைவு விழும். கம்பி எங்கே, என்ன ஆழத்தில், எவ்வளவு இடைவெளியில் என்பதை உடைக்காமலே சொல்லிவிடும். அருமையான கருவிதான். ஆனால் அந்த வளைவு நல்ல கம்பிக்கும் விழும், துருவேறிய கம்பிக்கும் விழும்!

நம் கரையில் வேறொரு வில்லங்கமும் உண்டு. ஓதம் ஏறி உப்பு ஊறிய கான்கிரீட்டுக்குள் அலை சீக்கிரம் வலுவிழந்துவிடும், வளைவு மங்கும். விவரம் தெரிந்தவர் அந்த மங்கலைப் பார்த்தே சந்தேகப்படுவார். அரைகுறை ஆள் தாண்டிப் போய்விடுவார். ஈரத்தில் அலையின் வேகமும் குறையும். உலர்ந்த கான்கிரீட்டின் கணக்கை அப்படியே போட்டால், கம்பி உள்ளதைவிட ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். கடலோரக் கட்டடத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். அது இல்லாமலே இருப்பதாக ரிப்போர்ட் வரலாம்.

பாம்பனையே பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். ரயில்வேயே இந்த உப்புக் காற்றுக்குப் பயப்படும்போது, கழுவாத கடல் மணலில் கட்டிய வீடு எம்மாத்திரம்?

ஆகவே, ரேடாரோடு நிறுத்தாதீர்கள். ஓரிடத்தில் உடைத்து, கம்பியைக் கண்ணால் பார்த்து ஆழத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டைத் துளையிட்டு எடுத்த தூளில் உப்பின் குளோரைடு அளவு பார்க்கச் சொல்லுங்கள். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் 'ஹாஃப் செல்' சோதனையையும் கேட்டு வாங்குங்கள். தாமிர சல்பேட் மின்முனையில் அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிப் போனால், துருப்பிடிப்பு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. விவரம் கேட்க வெகுதூரம் போகவேண்டாம். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி ஆய்வு நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது.

சிலாப்பின் அடியில் கம்பி ஓட்டத்திலேயே விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால், இன்று ராத்திரி அதன் கீழே யாரையும் படுக்கவிடாதீர்கள். பெயின்டரை அப்புறம் கூப்பிடலாம், முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.