செம்பு முலாம் போடும் வீடுகளுக்கு ஒரு டாக்டரின் வேண்டுகோள்

ஆசிட் பட்ட கையில் பற்பசையை அப்பிக்கொண்டு, மறுநாள் காலையில் வந்து வரிசையில் உட்காருகிறவர்களை மலேசியாவின் மலையூரான ரிங்லெட்டில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் இளைஞர்கள். கைப்பேசியில் வீடியோ பார்த்து, தேயிலைக் கொழுந்துக்கும் பெரணி இலைக்கும் செம்பு முலாம் போடக் கற்றவர்கள். ஹாபு பக்கம் தேயிலைத் தோட்டம் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளிடம் விற்கலாம் என்ற எண்ணம்.

கலையைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு தம்பி காட்டிய பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும். இலையோரத்துப் பற்கள்கூடச் செம்பில் அப்படியே பதிந்திருந்தன. காய்ந்த கொழுந்துக்கு வார்னிஷ் அடித்து, மின்சாரம் கடத்தும் பூச்சைத் தடவி, ஆசிட் கலந்த நீலக் கரைசலில் இரவு முழுக்கத் தொங்கவிட்டு எடுத்ததாம். அந்தக் கரைசல் இருந்தது அடுப்படியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தாமதமே பாதி நோய்

ஆசிட் தோலில் பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடுகிற குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், நனைந்த சட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நம் மலையில் குழாய்த் தண்ணீர் எலும்பைக் குத்தும். ஒரு நிமிடம் காட்டிவிட்டு, குளிர் தாங்காமல் கையை எடுத்துவிடுகிறார்கள். உடம்பின் மற்ற பகுதியைப் போர்வையால் போர்த்திக்கொள்ளுங்கள். கையை மட்டும் எடுக்காதீர்கள். அதன் பிறகு உடனே கிளினிக். நாளைக்கு அல்ல.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில்

எனக்குப் பொறுமை போவது இங்கேதான். பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், சோயா சாஸ் என்று புண்ணின் மேல் எதையெல்லாமோ பூசிக்கொண்டு வருகிறார்கள். ஆசிட்டை அவை எதுவும் அகற்றுவதில்லை. உள்ளேயே பூட்டி வைக்கின்றன. அதையெல்லாம் சுரண்டி எடுத்தால்தான் புண்ணின் ஆழம் எனக்குத் தெரியும். சுரண்டும்போது வலிப்பது உங்களுக்குத்தான். ஆசிட்டுக்குச் சோடா மாவு மாற்று என்று பள்ளியில் படித்ததை நினைத்துக் காயத்தில் கொட்டுவதும் தவறு. அது புண்ணை இன்னும் மோசமாக்கலாம்.

கண்ணில் தெறித்தால் தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பன்னீர் விடுவது. பாட்டி சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டி காலத்து வீட்டில் பேட்டரி ஆசிட் இல்லை. கண்ணுக்கும் அதே தண்ணீர்தான். இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கருவிழி வெந்துபோக நொடிகள் போதும்.

புகையை இழுத்துவிட்டால் பால் குடித்தால் போதும் என்பது பட்டறைக்காரர்களிடம் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. பால் போவது இரைப்பைக்கு, புகை போனது நுரையீரலுக்கு. முகக்கவசம் போட்டிருந்தேன் டாக்டர் என்கிறார்கள். கோவிட் காலத்துத் துணிக் கவசமும் மருத்துவக் கவசமும் ஆசிட் ஆவியைத் தடுக்காது.

இன்னொன்று, செம்பு உடம்புக்கு நல்லதுதானே, செம்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கிறோமே என்பது. குடத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் செம்பு மிக மிகக் கொஞ்சம். முலாத் தொட்டியில் இருப்பது மயில்துத்தம். இங்கே உர மருந்துக் கடையில் தெருசி என்று கேட்டால் கிடைக்கும். காய்கறித் தோட்டக்காரர்கள் பூஞ்சைக்கு அடிப்பது. பத்து, இருபது கிராம் வயிற்றுக்குள் போனால் உயிரே போகலாம். சித்த மருந்தில் துருசு சேர்க்கிறார்களே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. முறைப்படி சுத்தி செய்து, படித்த வைத்தியர் அளந்து கொடுப்பது வேறு. பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து வைத்திருப்பது வேறு.

யாராவது அதைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரையோ புளித் தண்ணீரையோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்ட பாதையை அது திரும்பி வரும்போதும் சுடும். ஒரு காலத்தில் மருத்துவர்களே வாந்தி எடுக்க வைப்பதற்கு மயில்துத்தத்தைக் கொடுத்தார்கள். அதுவே விஷமாகிறது என்று கண்டு கைவிட்டார்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வண்டியேறுங்கள். வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள். சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுப்பதும், உதடு நீலம் பாய்வதும், சிறுநீரகம் நிற்பதும் அதற்குப் பிறகுதான்.

சிவப்பணு எளிதில் உடைந்துவிடும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு மயில்துத்தம் இன்னும் ஆபத்து. மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்கோ பிள்ளைக்கோ இருந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். சில மாற்று மருந்துகளே அவர்களுக்கு ஆகாது.

நீங்கள் வந்து சேருங்கள்; இரத்தம், சிறுநீர், சிறுநீரகப் பரிசோதனை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நல்லாத்தான் இருந்தாரு டாக்டர்

முலாம் சரியாக வரவில்லை என்று செம்பைக் கரைக்க நைட்ரிக் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பழுப்பு நிறப் புகை கிளம்பும். இழுத்தவருக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் வளைந்து வளைந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு ஏற வேண்டும். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்ப நேர்ந்தால் மலையிறங்கும் நேரமும் சேரும். பழுப்புப் புகையை இழுத்தவர் நன்றாக இருக்கும்போதே வர வேண்டும்.

குளிருக்காக ஜன்னலை அடைத்துவிட்டு லயத்து வீட்டு அறையில் இந்த வேலையைச் செய்வதும் ஆபத்துதான். கரைசலில் சமையல் உப்பைப் போட்டு மின்சாரம் விட்டால் குளோரின் வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டினால் அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோய் தரும் வகையாக மாறக்கூடும். அந்தக் கரண்டியில் நிக்கலும் இருக்கலாம்; நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுள் முழுக்க விடாது.

சயனைடுக்கு வீட்டில் இடமில்லை

தங்கம், வெள்ளி முலாமுக்கு சயனைடு கரைசலை இணையத்தில் தேடுகிறவர்களுக்கு மட்டும் இது. பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் காப்புரிமை பெற்ற முறையே சயனைடு முறைதான். பட்டறைகளில் இன்றும் அது இருக்கிறது. பொட்டாசியம் சயனைடு ஒரு சிட்டிகை ஒரு மனிதனைக் கொல்லும். அந்தக் கரைசலில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் போதும், நச்சு வாயு கிளம்பும். இதைப் பாதுகாப்பாகச் செய்யும் வழி சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். வீட்டில் அப்படி ஒரு வழி இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

முலாம் போட்டே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, கூரை மட்டும் உள்ள இடத்தில் போடுங்கள். கண்ணாடி, கையுறை, மூடிய காலணி அணியுங்கள்; சிலிப்பர் வேண்டாம். அடுப்படிப் பாத்திரம் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது, போனது திரும்பி வரக் கூடாது.

கரைசலை மினரல் பாட்டிலிலோ மைலோ டின்னிலோ ஊற்றி வைக்காதீர்கள். சங்குப்பூ தண்ணீர் குடித்துப் பழகிய பிள்ளைக்கு அதுவும் இதுவும் ஒரே நீலம்தான். பூட்டு போடுங்கள் அம்மா, பூட்டு போடுங்கள் அண்ணே. பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பயன்படுத்தி முடித்ததைக் கால்வாயில் கொட்டாதீர்கள். நம் கால்வாய்கள் பெர்த்தாம் ஆற்றுக்கும் ரிங்லெட் அணைக்கட்டு ஏரிக்கும் போகின்றன. மீனுக்குச் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. ஜொகூர் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. அது தொழிற்சாலைக் கழிவு, உங்களுடையது ஒரு வாளிதான். ஆனாலும் மூடியிட்ட கேனில் சேர்த்து வைத்து, சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. எண் 1-800-88-8099. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இரண்டையும் தொட்டி இருக்கும் சுவரில் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள். ஏதாவது பட்டாலோ, குடித்தாலோ, இழுத்தாலோ அந்த மணி நேரத்திலேயே வாருங்கள். ஏன் செய்தாய் என்று திட்ட மாட்டேன்.