கணையம் சுமக்கும் கடன்

அதிகாலையில் ஆம்பூர், வாணியம்பாடி சாலைகளில் நின்றால், சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளைக் காணலாம். மணிக்கு இத்தனை ஜோடி என்கிற இலக்கு, மேற்பார்வையாளரின் அதட்டல், வீடு திரும்பியதும் காத்திருக்கும் அடுப்படி, குழுக் கடனின் தவணை என அவர்களது நாள் நகர்கிறது. இந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மனம் மட்டுமல்ல, இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையமும் அதைச் சுமக்கிறது.

கணையத்தின் பீட்டா செல்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. அந்தப் பணி தாது உப்புகளின் துணையுடன் நடைபெறுகிறது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி ஒன்றுசேர்ந்து செல்லுக்குள் சேமிக்கப்படுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை உயரும்போது செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அதுவே இன்சுலினை வெளியேற்றும் சமிக்ஞை. வெளியேறிய இன்சுலின் பிற செல்களில் செயல்படுவதற்கு மக்னீசியம் தேவை.

மன அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பி கார்டிசாலையும் அட்ரினலினையும் சுரக்கிறது. கார்டிசால், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றச் செய்வதுடன் இன்சுலினுக்கு உடல் பணியாத நிலையையும் உருவாக்குகிறது. அட்ரினலினோ இன்சுலின் சுரப்பையே தடுக்கிறது. ஆபத்திலிருந்து தப்பியோட இந்த ஏற்பாடு உதவும். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு அந்தச் சர்க்கரை செலவாவதில்லை. ரத்தச் சர்க்கரை மிகும்போது சிறுநீர் வழியே மக்னீசியமும் துத்தநாகமும் கூடுதலாக வெளியேறுகின்றன. மக்னீசியம் குறையக் குறைய இன்சுலினின் செயல்திறன் மேலும் மங்குகிறது. கணையம் மேலும் உழைக்க நேர்கிறது. வட்டி கட்டவே மீண்டும் கடன் வாங்கும் குடும்பத்தின் நிலைதான் இது.

இதற்குத் தாது உப்பு மாத்திரைகளே தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்கூட, வேறொரு வடிவில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையாக விற்கப்படுகிறது. குறைபாடு இல்லாதவர்களுக்கு இத்தகைய மாத்திரைகளை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பதில்லை. கேழ்வரகு, கம்பு, கீரை, பருப்பு, வேர்க்கடலை ஆகியவையே மக்னீசியத்தைப் போதிய அளவு தரவல்லவை. ஆனால், நிதானமாக உண்ண இடைவேளையும் உறங்க நேரமும் வேண்டும்.

ஒரு தொழிலின் லாபம் ஒருவருக்கும் அதன் பாதிப்பு வேறொருவருக்கும் போய்ச் சேர்வதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. பாலாற்றை மாசுபடுத்திய தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆற்றுக்கு நேர்ந்த சேதம் அவ்வாறு கணக்கில் ஏறியது. தொழிலாளியின் உடலுக்கு நேரும் சேதமோ எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அது மருந்துச் செலவாகவும் இழந்த கூலியாகவும் அவரது வீட்டுக்கே திரும்புகிறது.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பின்னர் பணியிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தோல், காலணித் தொழிற்சாலைகள் அனைத்திலும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை தவறாமல் நடைபெற வேண்டும். அத்துடன், மணிக்கணக்கு இலக்குகள் மனித உடலின் எல்லைக்கு உட்பட்டு வகுக்கப்பட வேண்டும். நோயைக் கண்டறிவது அரசின் கடமை எனில், நோய்க்கான அழுத்தத்தைக் குறைப்பது லாபம் ஈட்டுவோரின் கடமை.