எழுதாத தேர்வும் எழுதப்பட்ட மதிப்பெண்ணும்

செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்ற ஒரு மாலை வேளையில், ஒரு தாயும் மகளும் பங்கு இல்லத் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தனர். தாய் மல்லிகைப் பதியன் போடும் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். தந்தை நாட்டுப்படகில் கடலுக்குச் செல்பவர். மகளின் கையில் பிளாஸ்டிக் உறையிலிட்ட ஒரு சான்றிதழ் இருந்தது. 2021-ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அது. பாடங்களின் பெயர்கள் இருந்தன. 'தேர்ச்சி' என்ற சொல்லும் இருந்தது. மதிப்பெண் மட்டும் இல்லை.

"பத்தாவது மார்க்கு எவ்வளவுன்னு கேக்குறாங்க, சாமி. அரசாங்கமே குடுக்காத மார்க்கை நாங்க எங்க போயி வாங்குறது?" என்றார் தாய். ஒரு வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே செல்ல முடியவில்லையாம். மகள் ஒன்றும் பேசவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசைப்படி ஆள் சேர்க்கும் வேலைகள் நம் நாட்டில் உண்டு. மதிப்பெண்ணே இல்லாதவரை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது?

கொள்ளைநோய்க் காலத்துப் பொதுத்தேர்வுகளைப் பற்றி அன்று பலரும் பேசினர். பின்னர் பலரும் மறந்தனர். மறக்க இயலாதவர்கள் அந்த ஆண்டுகளின் பிள்ளைகளே. எனவே நடந்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம்.

2020 மார்ச் 24 அன்று பிளஸ் டூ மாணவருக்குக் கடைசித் தேர்வு. அன்று மாலையே மாநிலத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வரவிருந்தது. அச்சத்தாலும் போக்குவரத்துக் குறைவாலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அன்று தேர்வு எழுதவில்லை. அவர்களுக்கென ஜூலை 27 அன்று மறுதேர்வு வைத்தபோது, எழுத முன்வந்தோர் சொற்பமே. (அப்துல் கலாம் அவர்கள் மறைந்த நாளும் ஜூலை 27 என்பதை, பேக்கரும்பு நினைவிடத்தை அடிக்கடி கடந்து செல்லும் நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.) பத்தாம் வகுப்புத் தேர்வோ மார்ச் 27-இல் தொடங்க வேண்டியது. அது ஜூன் 1-க்கும், பின்னர் ஜூன் 15-க்கும் தள்ளிப்போயிற்று. உயர் நீதிமன்றமும் அரசின் அவசரம் குறித்துக் கேள்வி எழுப்பிய நிலையில், ஜூன் 9 அன்று தேர்வு இரத்து செய்யப்பட்டு, அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம் பிள்ளைகள்.

தேர்வை நிறுத்தியது சரியே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு வினாத்தாளுக்காக ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கலாகாது. ஆனால் தேர்வை நிறுத்துவது ஒன்று. நிறுத்திய தேர்வுக்கு மதிப்பெண் இடுவது வேறொன்று. தொல்லை இரண்டாவதில்தான் பிறந்தது.

அந்த ஆண்டு காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும், பள்ளி வருகைக்கு 20 விழுக்காடும் அளிக்கப்பட்டன. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். நமது கடற்கரையில் நின்று பாருங்கள். அரையாண்டுத் தேர்வு வருவது டிசம்பரில். வாடைக் காற்றும் மழையுமான காலம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஒத்திகை. பொங்கலுக்குப் பின்னரே புத்தகத்தை இறுகப் பிடிப்பதும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாலை வகுப்புகளில் அமர்ந்து தேறிவிடுவதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. ஆசிரியரும் "இப்போது பயந்தால்தான் மார்ச்சில் படிப்பான்" என்று அரையாண்டு விடைத்தாளில் கையைச் சுருக்குவதுண்டு. ஒத்திகை என்று சொல்லி நடத்தியதையே பின்னர் அரங்கேற்றமாகக் கணக்கிட்டால், அதை அறியாமல் மேடையேறிய பிள்ளை என்ன செய்யும்?

வருகைப் பதிவேட்டின் கதை இதனினும் வருத்தத்துக்குரியது. விசைப்படகும் நாட்டுப்படகும் முறைவைத்துக் கடலுக்குச் செல்லும் கரை நமது. ஆள் குறைந்த நாளில் பதினைந்து வயதுப் பையன் தந்தைக்குத் துணையாகப் படகேறுவது இன்றும் முற்றிலும் நின்றுவிடவில்லை. தாய் நோயுற்றால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பது மூத்த மகள். இவர்கள் வராத நாட்களைப் பதிவேடு 'வரவில்லை' என்று மட்டுமே குறிக்கும். ஏன் வரவில்லை என்று குறிக்காது. பொதுத்தேர்வு எத்தனையோ குறைகள் உடையதுதான். எனினும் அந்த மூன்று மணி நேரத்தில், 'நீ எத்தனை நாள் வந்தாய்?' என்று அது எவரையும் கேட்டதில்லை. விடைத்தாளைத் திருத்துபவர், எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அறியார். ஏழைக்குக் கிடைத்திருந்த அந்த ஒரு மறைவும் 2020-இல் விலகிற்று.

தனித்தேர்வர்களைப் பற்றி அன்று பேசியவர் வெகு சிலர். இடையில் படிப்பை நிறுத்திக் கடலுக்கோ கடைக்கோ போய், பின்னர் மனம் திரும்பித் தனியாகப் படித்தவர்கள் இவர்கள். 'அனைவரும் தேர்ச்சி' என்ற அறிவிப்பு இவர்களைத் தொடவில்லை. 2020 செப்டம்பரில் முகக்கவசத்துடன் சென்று அவர்கள் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பள்ளியின் காலாண்டு மதிப்பெண் இவர்களுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆயினும் நோய்க்கு அந்த வேறுபாடு தெரியாதன்றோ?

மறு ஆண்டு நிலை இன்னும் சிக்கலாயிற்று. 9, 10, 11 வகுப்பினர் தேர்வின்றித் தேர்ச்சி என 2021 பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பிளஸ் டூ தேர்வும் இரண்டாம் அலையால் ஜூன் 5 அன்று இரத்தாயிற்று. அதற்கு வகுத்த முறை இது: பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30. அதாவது, 2021-இல் பள்ளியை விட்டு வெளியேறிய ஒருவரின் கணக்குப்பதிவியல் மதிப்பெண்ணில் சரிபாதி, 2019 மார்ச்சில் அவர் எழுதிய தமிழோ சமூக அறிவியலோ கொடுத்தது! பத்தாம் வகுப்பில் சோம்பியிருந்து பிளஸ் டூவில் விழித்துக்கொண்டவருக்கு அவ்விழிப்பின் பலன் கிட்டவில்லை. மனநிறைவு பெறாதோர் ஆகஸ்டு 6 முதல் 19 வரை தேர்வு எழுத வாய்ப்பளிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

இங்கிலாந்திலும் நடந்தது கேளுங்கள். அங்கே ஆசிரியர் இட்ட மதிப்பீட்டைக் கணினிச் சூத்திரம் ஒன்று திருத்தியது. ஒரு பள்ளியின் பழைய தேர்ச்சி நிலையைக் கொண்டு இந்த ஆண்டுப் பிள்ளையை அளந்தது அது. 2020 ஆகஸ்டு 13 அன்று வெளியான முடிவுகளில் பத்தில் ஏறத்தாழ நான்கு மதிப்பீடுகள் ஆசிரியர் இட்டதிலிருந்து இறங்கியிருந்தன. மாணவர் வீதிக்கு வந்தனர். நான்கே நாட்களில் அரசு அதைக் கைவிட்டது. அண்ணன்மார் படித்த லட்சணத்தை வைத்துத் தம்பிக்கு மார்க் போடுவது நம்மூர்த் திண்ணைப் பேச்சில் மட்டுமே உள்ள வழக்கம் என்று நாம் எண்ணியிருந்தோம்.

தனுஷ்கோடிக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் உள்ள இலங்கையோ வேறு வழி சென்றது. உயர்தரத் தேர்வை ஆகஸ்டிலிருந்து ஒத்திவைத்து, நோய் மீண்டும் பரவிய நிலையிலும் 2020 அக்டோபர் 12 முதல் நவம்பர் 6 வரை நடத்தியே முடித்தது. தனிமைப்படுத்தப்பட்ட மாணவருக்குத் தனி ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அச்சத்தோடு எழுதிய பிள்ளையும் அமைதியோடு எழுதிய பிள்ளையும் ஒரே தாளால் அளக்கப்பட்டனர் என்ற குறை அங்கே. ஆக, குறையில்லாத வழி எவருக்கும் கிட்டவில்லை.

திராட்சைத் தோட்ட வேலையாள் உவமையை அந்நாட்களில் சிலர் நம்மிடம் எடுத்துக்காட்டினர். கடைசி மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் கொடுக்கவில்லையா, அதுபோல் அனைவரும் தேர்ச்சி பெற்றால் என்ன என்று கேட்டனர். அந்தத் தெனாரியம் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவு. ஒருவனுக்குக் கொடுத்ததால் மற்றவனுக்குக் குறையவில்லை. தேர்ச்சியை அவ்வாறு கொடுக்கலாம், கொடுத்ததும் நன்றே. மதிப்பெண் அப்படிப்பட்டதன்று. அது எண்ணிக்கை குறிக்கப்பட்ட இடங்களுக்கு ஆட்களை வரிசைப்படுத்தும் கோல். ஒருவர் முன்னே நின்றால் மற்றொருவர் பின்னே செல்கிறார்.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இளைஞர் கூட்டமொன்றில் 'கொரோனா பாஸ்' என்ற சொல்லை நாமும் வேடிக்கையாகச் சொன்னோம். எல்லாரும் சிரித்தனர். பின்வரிசையில் சிரிக்காத சிலர் இருந்ததை மேடையிலிருந்தே கண்டோம். கண்டும் பேச்சைத் தொடர்ந்தோம்.

உறையிலிட்ட சான்றிதழுடன் வந்த பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலும் இல்லை. அவள் வாழ்வில் எழுதிய முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதத்துப் பிளஸ் ஒன் தேர்வு. அதிலும் தேறி, 2023-இல் பிளஸ் டூவும் எழுதித் தேறினாள். அந்த இரண்டு சான்றிதழ்களிலும் மதிப்பெண் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் கேட்கும் இடங்கள், 2021-ஆம் ஆண்டினருக்கு மட்டும் அவற்றுள் ஒன்றை ஏற்றால் என்ன? இதற்குப் பெருஞ்செலவில்லை, விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி போதும். பெற்றோர் சங்கங்களும் பள்ளி நிர்வாகங்களும் இதை எழுதிக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

அன்று மாலை அவளுக்காக ஒரு கடிதம் எழுதினோம். 2021-இல் எவருக்கும் மதிப்பெண் வழங்கப்படவில்லை என்பதை விளக்கி, பின்னைய இரு சான்றிதழ்களின் நகலையும் இணைத்தோம். முத்திரையிட்டுக் கொடுத்தபோதுதான் அவள் முதன்முறையாகப் பேசினாள். "பத்தாவதுக்கு நான் நல்லாப் படிச்சிருந்தேன், சாமி. அதையும் எழுதியிருக்கீங்களா?" என்றாள். கடிதத்தைத் திரும்ப வாங்கி, அந்த ஒரு வரியையும் சேர்த்தோம்.