மீன் தொட்டியின் நீரைப் பாதுகாக்கும் முறை

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்க்கும் வழக்கம் இப்பொழுது கிராமங்களிலும் பரவி வருகிறது. நீர் சற்றுக் கலங்கியவுடன் அதை முழுவதும் இறைத்து, மணலையும் கொதிநீரில் அலசிப் புதுநீர் நிரப்புவது அநேகர் கையாளும் முறை. யானும் முதலில் அவ்விதமே செய்தேன். மறுநாள் நீர் பளிங்கு போல் இருந்தது. நான்காம் நாள் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, வாய் பிளந்து மடிந்தன. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று என்பதை அப்பொழுதே உணர்ந்தேன்.

காரணம்: மீனின் செவுள் வழியாகவும், கழிவும் மிஞ்சிய இரையும் அழுகுவதாலும் நீரில் அமோனியா சேர்கிறது. இது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ மிகுதியாகச் சேராத வரையில் தீங்கு செய்வதில்லை. புன்செய் நிலத்தில் இட்ட அமோனியம் சல்பேட்டை நைட்ரேட்டாக மாற்றுவதும் இவ்வினத்து நுண்ணுயிர்களே. இவற்றை 1890-இல் ருஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி தனித்துப் பிரித்துக் காட்டினார். கொதிநீரில் மணலை அலசுகிறவர், தமக்காகக் கூலியின்றி உழைக்கும் இவ்வேலையாட்களை ஒரே நாளில் கொன்றுவிடுகிறார்.

நீர் மாற்றுதல்: 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். வாரம் ஒரு முறை இதில் நாலில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு குடம் நீரை மட்டும், அடிக்கசடுடன் ரப்பர் குழாயால் வடித்தெடுக்க வேண்டும். பஞ்சை அந்த நீரிலேயே அலசிக்கொள்ளலாம். குளோரின் கலந்த குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். வடித்த நீரை வீணாக்காமல் செடிகளுக்கு விடுக. அது நல்ல எருநீர்.

இரை: இரண்டு மூன்று நிமிஷங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே போதும். மிஞ்சியது அழுகும்.

வெயில்: நேர் வெயில் பட்டால் பாசி பெருகி நீர் பச்சையாகும். நீர் சூடேறினால் பிராணவாயுவும் குறையும். 20 டிகிரி சென்டிகிரேடில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியிலோ சுமார் 7.5 தான். ஆகையால் நம் கோடையில் மீன்கள் நெருக்கமின்றி இருத்தல் அவசியம்.

புதுத் தொட்டி: நுண்ணுயிர்கள் நிலைபெற ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் செல்லும். அதுவரை இரண்டு மூன்று மீன்களே போதும். பாலுக்கு உறைமோர் இடுவது போல, நோயற்ற பழைய தொட்டியின் மணலில் ஒரு கைப்பிடி இட்டால் காரியம் விரைவில் கைகூடும்.

ஓர் எச்சரிக்கை: தொட்டியின் பாசியைத் தின்னுமென்று 'டேங்க் கிளீனர்' என்னும் தென் அமெரிக்க மீனைச் சிலர் வாங்குகின்றனர். அது ஓர் அடிக்கு மேலும் வளர்ந்து, தொட்டி கொள்ளாதபோது ஏரியில் விடப்படுகிறது. அங்கே நாட்டு மீன்களின் இரையைப் பறிப்பதோடு, கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது, வலைகளையும் கிழிக்கிறது. கரை பலவீனப்பட்டால் நஷ்டம் ஆயக்கட்டுக்காரர் அனைவருக்கும் உரியது. ஆகையால் தொட்டி மீன் எதையும் ஏரி, குளம், வாய்க்கால்களில் விடலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.