இறைவனை மறுக்கும் கற்பனைக் கதைகளும் எமது பிள்ளைகளும்



ஒரு தாயாரின் கவலையோடு இவ்வுரையை ஆரம்பிக்கின்றேன். ஆங்கில மொழிமூலம் கற்கும் அவருடைய 13 வயது மகள், ஒருநாள் மஃரிப் தொழுகையின் பின்னர், "உம்மா, அல்லாஹ்வுக்கு வயதாகுமா?" என்று கேட்டாளாம். திடுக்குற்ற தாய் விசாரித்தார். மகள் வாசித்த கதையில், கடவுள் எனப்படும் ஒருவர் முதுமையால் தளர்ந்து காற்றில் கரைந்து போகிறார் என்பது தெரியவந்தது. "புத்தகத்தைப் பறித்து ஒளித்து வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?" என்பதே அத்தாயின் வினா.

அக்கதை, ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் எழுதிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' எனும் மூன்று பாக நாவலாகும். முதற் பாகம் 1995இலும், இரண்டாம் பாகம் 1997இலும், மூன்றாம் பாகம் 2000இலும் வெளிவந்தன. முதற் பாகம் பிரித்தானியாவில் சிறுவர் நூல்களுக்கான கார்னகி விருதைப் பெற்றது. அது 2007இல் திரைப்படமாகவும், முழுக்கதையும் 2019 முதல் 2022 வரை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தன. ஆகவே, இது எமது பிள்ளைகளின் கைக்கு எட்டாத நூல் அன்று.

கதையின் நாயகி லைரா எனும் சிறுமி. அவள் வாழும் உலகில் ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் ஒரு விலங்கின் உருவில் அவனுடனேயே திரிகின்றது. மதத்தின் பெயரால் ஆட்சி செலுத்தும் ஒரு பீடத்தின் ஆதரவோடு, பிள்ளைகள் கடத்தப்பட்டு, அவர்களது ஆன்மாக்கள் வெட்டிப் பிரிக்கப்படுகின்றன. லைரா அவர்களை மீட்கப் புறப்படுகிறாள். நட்பு, வாய்மை, துணிவு ஆகிய நற்பண்புகள் இதில் உண்டு என்பதை நீதியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்நூல் குறித்துக் கிறிஸ்தவர்களே இருவேறு நிலைப்பாடு கொண்டனர். 2007இல் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று திரைப்படத்தைப் புறக்கணிக்குமாறு அறைகூவல் விடுத்தது. ஆனால் அதற்கு முன்னர், 2004இல், அன்றைய கன்டர்பரி பேராயர் ரொவன் வில்லியம்ஸ் இதனைப் பாடசாலைச் சமயக் கல்வியில் கலந்துரையாடலாம் எனக் கருத்துரைத்ததோடு, நூலாசிரியருடன் பொதுமேடையிலும் உரையாடினார்.

நாம் எந்த அளவுகோலால் இதனை அளப்பது? இரு விடயங்களைப் பிரித்தறிதல் அவசியம்.

முதலாவது, கதையில் கரைந்து போகும் அந்த 'கடவுள்' உண்மையில் படைப்பாளனே அல்லன். தானே படைத்தவன் என்று பிறரிடம் பொய்யுரைத்த ஒரு வானவன் என்றே நூல் கூறுகின்றது. தோன்றியவனும் தளர்பவனும் அழிபவனும் இறைவனாக இருக்க முடியாது என்பது எமது அகீதாவின் அடிப்படையன்றோ! மறைகின்ற நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் இறைவனென ஏற்க மறுத்த இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்த பிள்ளை, இக்கதையைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது விடயமே பாரதூரமானது. இந்நூல் மறுமையை மறுக்கின்றது. மரித்தோரின் ஆன்மாக்கள் துகள்களாகச் சிதறி இயற்கையோடு கலப்பதையே விடுதலையாகக் காட்டுகின்றது. கேள்வி கணக்கில்லை, சுவர்க்கமில்லை. இக்கருத்து வாதமாக வந்தால் பிள்ளை மறுத்துரைப்பாள். அழகிய கதையாக, கண்ணீரோடு வரும்போது, அறியாமலே உள்ளத்தில் இறங்கிவிடும். பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இதுவே.

அவ்வாறாயின், புத்தகத்தைப் பறிப்பதுதான் தீர்வா? புத்தகத்தைப் பறிக்கலாம், எழுந்துவிட்ட கேள்வியைப் பறிக்க முடியாது. அது தாயிடம் வராவிட்டால் வேறெவரிடமோ செல்லும்.

மரித்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கின்றாய் என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்விடமே கேட்டார்கள். உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்கப்பட்ட அக்கேள்விக்கு, நான்கு பறவைகளைக் கொண்டு விடையளிக்கப்பட்டதை ஸூரத்துல் பகராவில் காண்கின்றோம். வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாக ஸஹாபாக்கள் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவ்வச்சத்தையே தெளிவான ஈமானின் அடையாளமாகக் காட்டினார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதேவேளை, அல்லாஹ்வைப் படைத்தவன் யார் என்று ஷைத்தான் கேள்வியை நீட்டும்போது, அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி அதை நிறுத்திக்கொள்ளுமாறும் பணித்தார்கள். கேள்விக்கு இடமுண்டு, எல்லையுமுண்டு. இரண்டையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது எமது கடமை.

எனவே, பெற்றோரே! இத்தகைய நூலைப் பிள்ளைக்கு முன்னர் நீங்கள் வாசியுங்கள். இயலாவிடின் வாசித்தறிந்த ஆசிரியரிடமோ மௌலவியிடமோ கேளுங்கள். ஈமானின் அடிப்படைகளை இன்னும் விளங்காத சிறு பிள்ளைகளுக்கு இது உகந்ததன்று. குறிப்பாக மூன்றாம் பாகம் முதிர்ச்சி வரும்வரை காத்திருக்கட்டும். விளங்கும் பருவத்துப் பிள்ளை வாசிக்க நேர்ந்தால், தனியே விடாமல் அருகிலிருந்து உரையாடுங்கள். மதத்தின் பெயரால் அநீதி இழைப்போரைக் கதை சாடுமிடத்தில், இஸ்லாமும் அநீதியை வெறுக்கின்றது என்பதைச் சொல்லுங்கள். மறுமையை மறுக்குமிடத்தில், நீதி முழுமை பெறும் நாள் ஒன்று இல்லையெனில், கடத்தப்பட்டு மாண்ட அப்பிள்ளைகளுக்கு யார் நீதி வழங்குவது என்று திருப்பிக் கேளுங்கள்.

அத்தாய்க்கு நான் கூறுவது இதுவே: சகோதரியே, உங்கள் பதற்றம் ஈமானிலிருந்து எழுந்தது, அதற்கு நற்கூலியுண்டு. ஆனால், உங்கள் மகள் அக்கேள்வியைத் தோழியரிடமன்றி, தொழுகை விரிப்பில் அமர்ந்திருந்த உம்மாவிடம் கேட்டாள். அது அல்லாஹ் உங்களுக்களித்த அருட்கொடை. இன்றிரவே அவளை அருகில் அழையுங்கள். அல்லாஹ்வுக்கு முதுமையில்லை, முடிவுமில்லை என்று அன்போடு விளக்குங்கள். அவள் இன்னும் கேட்டால், பொறுமையோடு செவிமடுங்கள்.

எமது பிள்ளைகளின் உள்ளங்களை ஈமானில் உறுதிப்படுத்தவும், அவர்களது கேள்விகளைத் தாங்கும் அறிவையும் பொறுமையையும் எமக்கு வழங்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.