யுடிஐடி கார்டு: ஆன்லைனில் மாறியது என்ன, மாறாதது என்ன?

விண்ணப்பம் கொடுக்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள், கையெழுத்து வாங்க இன்னொரு நாள். ஒரு சான்றிதழுக்காக மாற்றுத்திறனாளிகள் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதைக் குறைக்க வந்ததுதான் யுடிஐடி எனும் தனித்துவ அடையாள அட்டை.

என்ன மாறியது?

2021 ஜூன் 1 முதல், நாடு முழுவதும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழை யுடிஐடி இணையதளம் வழியாகவே தர வேண்டும். மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். இந்த அட்டை எல்லா மாநிலங்களிலும் செல்லும்.

எது மாறவில்லை?

பாதிப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர் அல்ல, டாக்டர்கள்தான். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. காதுக்கு ஆடியோமெட்ரி, அறிவுசார் குறைபாட்டுக்கு ஐக்யூ சோதனை என ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர் வேண்டும். அவர் இல்லாத ஊரில், மேஜையில் தூங்கிய ஃபைல் இப்போது ஆன்லைனில் தூங்கும். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள், சான்றிதழ் தருவதற்கான கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டிவிட்டன.

சதவீதம் ஏன் முக்கியம்?

40-க்குக் கீழே வெள்ளைப் பட்டை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம். அரசு வேலையில் 4%, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5% இடஒதுக்கீடு 40-ல்தான் தொடங்குகிறது. 39 என்று எழுதினால் அந்த வாய்ப்பே போச்சு!

மதிப்பீடு தவறு என்று நினைத்தால் சும்மா இருந்துவிட வேண்டாம். மேல்முறையீடு செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது.