எரர் யாருக்குப் போகணும்? லேப் கருவிகளுக்கு நடுவுல நிக்கிற சர்வரோட கதை

ஒரு லேப்ல பவர் சப்ளை ஒண்ணு, மல்டிமீட்டர் ஒண்ணு, ஆசிலோஸ்கோப் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோங்க. மூணையும் ஒரு கம்ப்யூட்டரோட இணைச்சாச்சு. அதுல ஓடுற சர்வர் புரோகிராம் மூலமா முதல் பெஞ்ச் லேப்டாப்பும் கடைசி பெஞ்ச் லேப்டாப்பும் அதே கருவிகளுக்குக் கட்டளை அனுப்பலாம். கட்டளை அனுப்புற பகுதி சிம்பிள்தான். பைத்தான்ல பத்து வரி எழுதினா முடிஞ்சுது.

கஷ்டம் வர்றது ஏதாவது தப்பா நடக்கும்போதுதான். பவர் சப்ளை "இது என்னால முடியாது"ன்னு சொல்லுது. அதை யார்கிட்ட சொல்லணும்? கட்டளை கொடுத்தவர்கிட்ட மட்டுமா, எல்லார்கிட்டயுமா? கட்டளை கொடுத்தவர் லேப்டாப்பை மூடிட்டு கிளம்பிட்டா? இதுக்கெல்லாம் பதில் யோசிக்காம சர்வர் எழுதினா, ஒருத்தர் தன்கிட்ட இல்லாத தப்பைத் தேடிக்கிட்டு இருப்பார். இன்னொருத்தர் தப்பான ரீடிங்கை சரின்னு நம்பி ரிப்போர்ட்ல எழுதிக்கிட்டு இருப்பார். ரெண்டாவதுதான் ரொம்ப ஆபத்து.

கருவிகள் பேசுற மொழி

ஹெச்.பி. நிறுவனம் தன் கருவிகளை ஒண்ணோட ஒண்ணு இணைக்க ஒரு பஸ் உருவாக்குச்சு. அது 1975-ல ஐ-ட்ரிபிள்-ஈ 488 என்ற ஸ்டாண்டர்டா ஆச்சு. நம்ம லேப்ல ஜி.பி.ஐ.பி.ன்னு சொல்றது அதைத்தான். ஒரு பஸ்ல கன்ட்ரோலரையும் சேர்த்து 15 கருவி வரைக்கும் மாட்டலாம், மொத்த கேபிள் நீளம் 20 மீட்டர் வரை போகலாம். ஆனா ஒவ்வொரு கம்பெனி கருவியும் ஒவ்வொரு கட்டளையை எதிர்பார்த்துச்சு. அதைச் சரிபண்ண 1990-ல ஸ்கிப்பி (எஸ்.சி.பி.ஐ.) என்ற பொது மொழி வந்துச்சு. இன்னிக்கு கேபிள் யு.எஸ்.பி.யோ லேனோ ஆகியிருக்கலாம், உள்ளே போற மொழி பெரும்பாலும் ஸ்கிப்பிதான்.

'மெஷர்:வோல்டேஜ்?'ன்னு கேட்டா மீட்டர் ஒரு எண்ணை அனுப்பும். கடைசியில கேள்விக்குறி இருந்தா பதில் வரும், இல்லேன்னா வராது. இந்த ரெண்டாவது பாதியைக் கவனிங்க. 'வோல்டேஜ் 50'ன்னு ஒரு 30 வோல்ட் சப்ளைக்கு அனுப்பினா அது எந்தப் பதிலும் தராது. கட்டளை போயிடுச்சு, உங்க புரோகிராம் அடுத்த வரிக்குப் போயிடும், எல்லாம் நல்லா நடந்த மாதிரியே இருக்கும். ஆனா கருவிக்குள்ள ஒரு எரர் வரிசையில 'மைனஸ் 222, டேட்டா அவுட் ஆஃப் ரேஞ்ச்'ன்னு ஒரு வரி ஏறியிருக்கும். 'சிஸ்டம்:எரர்?'ன்னு நீங்களா கேட்டாதான் அது வெளிய வரும்.

இந்த எண்களுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. மைனஸ் 100-ல தொடங்குறது கட்டளையே புரியாத எரர். மைனஸ் 200 என்றா கட்டளை புரிஞ்சுது, செய்ய முடியல. மைனஸ் 300 கருவிக்குள்ள நடந்த கோளாறு. மைனஸ் 400 கேள்வி-பதில் முறை குழம்பினது. பிளஸ் எண் வந்தா அது அந்தக் கம்பெனி தானா வச்ச எரர், மேனுவலைத்தான் புரட்டணும்.

படிச்சா அழிஞ்சுடும்

எரர் வரிசையில முக்கியமான ஒரு குணம் இருக்கு: ஒரு வரியைப் படிச்சா அது வரிசையிலிருந்து போயிடும். பல கருவிகள்ல இந்த வரிசை ஒண்ணே ஒண்ணுதான். யார் அனுப்பின கட்டளையால எரர் வந்துச்சுன்னு கருவிக்குத் தெரியாது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. முதல் பெஞ்ச் தப்பான கட்டளை அனுப்புது. அது எரர் கேக்குறதுக்குள்ள கடைசி பெஞ்ச் 'சிஸ்டம்:எரர்?' அனுப்பிடுது. முதல் பெஞ்சோட எரர் கடைசி பெஞ்சுக்குப் போயிடும். அப்புறம் முதல் பெஞ்ச் கேட்டா கருவி '0, நோ எரர்'ன்னு சொல்லும். அந்தக் கணத்துல அது பொய்யும் இல்ல!

பதில்களுக்கும் இதே கதிதான். ஒரு கேள்விக்கான பதிலைப் படிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி வந்தா, முதல் பதிலைத் தூக்கிப் போட்டுட்டு 'மைனஸ் 410, கொரி இன்டரப்டட்'ன்னு எரர் போடணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. வரிசை நிரம்பிடுச்சுன்னா கடைசி வரி இருந்த இடத்துல 'மைனஸ் 350, க்யூ ஓவர்ஃப்ளோ'ன்னு வந்துடும். அதுக்கப்புறம் நடந்த எரர் எதுவும் பதிவாகாது.

அதனால சர்வரோட முதல் விதி: கருவிகிட்ட நேரா பேச யாருக்கும் அனுமதி இல்ல. ஒவ்வொரு கருவிக்கும் சர்வருக்குள்ள ஒரு தனி வரிசை, அதைக் கவனிக்க ஒரே ஒரு த்ரெட். வர்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண். அந்த த்ரெட் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

முதல்ல எரர் வரிசையைக் காலி பண்ணணும். ஏற்கெனவே ஏதாவது இருந்தா அது இந்தக் கோரிக்கையோடது இல்ல, தனியா எடுத்து வைக்கணும். அடுத்து கட்டளையை அனுப்பணும். ஸ்வீப் மாதிரி நேரம் எடுக்குற வேலையா இருந்தா '*ஓ.பி.சி.?' கேட்டு, வேலை முடிஞ்சதுக்கு அடையாளமான 1 வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் எரர் வரிசையை 0 வர்ற வரைக்கும் படிக்கணும். வந்ததையெல்லாம் கோரிக்கை எண்ணோட சேர்த்து, கேட்டவருக்கே அனுப்பணும். இது முடியாம அடுத்த கோரிக்கையைத் தொடவே கூடாது.

கருவிக்குத் தெரியாத 'யார்' என்ற தகவலை சர்வர்தான் இப்படி ஒட்ட வைக்குது.

டோக்கனும் அறிவிப்பும்

ஒரு கூட்டமான கேன்டீன் கவுன்டரை நினைச்சுக்கோங்க. "டோக்கன் 42, மசால் தோசை"ன்னு கூப்பிட்டா ஒருத்தர் மட்டும் எழுந்து போவார். "கேஸ் தீந்துடுச்சு, இனி தோசை இல்ல"ன்னு சொன்னா அது எல்லாருக்கும். இதை 42-ம் நம்பர்கிட்ட மட்டும் காதுல சொன்னா மத்தவங்க சும்மா நின்னுக்கிட்டே இருப்பாங்க.

சர்வர்லயும் இதே ரெண்டு வகைதான். 'மைனஸ் 222' டோக்கன் வகை, கேட்டவருக்கு மட்டும் போனா போதும். ஆனா சப்ளையோட ஓவர் கரன்ட் பாதுகாப்பு வேலை செஞ்சு அவுட்புட் ஆஃப் ஆயிடுச்சுன்னா? அது யாரோட கேள்விக்கும் பதில் இல்ல. ஆனா அந்தக் கருவியை நம்பி ரீடிங் எடுத்துக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் தெரியணும். தெரியலேன்னா கடைசி பெஞ்ச் ஒரு மணி நேரமா பூஜ்யம் வோல்ட்டை வரிசையா ஃபைல்ல எழுதிக்கிட்டு இருக்கும்.

இந்த அறிவிப்பு சர்வருக்கு எப்படி வரும்? ஜி.பி.ஐ.பி.ல அதுக்குன்னு எஸ்.ஆர்.க்யூ. என்ற ஒரு ஒயரே இருக்கு. கவனிப்பு தேவைப்படுற கருவி அதை இழுக்கும். ஆனா எல்லாக் கருவிக்கும் அதே ஒயர்தான். 'யாரோ கூப்பிடுறாங்க'ன்னு மட்டும்தான் தெரியும். அப்புறம் கன்ட்ரோலர் ஒவ்வொருத்தர்கிட்டயா 8 பிட் ஸ்டேட்டஸ் பைட்டை வாங்கிப் பார்த்து, யாருன்னு கண்டுபிடிக்கணும். லேன்ல வெறும் சாக்கெட் வழியா பேசும்போது பொதுவா இந்த வசதி கிடையாது. சர்வரே குறிப்பிட்ட இடைவெளியில நிலையைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்.

ரெண்டு விஷயம் இங்க தப்பக் கூடாது. ஒண்ணு, நிலை மாறும்போது மட்டும் அறிவிக்கணும். அரை செகண்டுக்கு ஒரு தடவை 'ட்ரிப், ட்ரிப்'ன்னு கத்தினா யாரும் கவனிக்க மாட்டாங்க. ரெண்டு, ட்ரிப் ஆன பிறகு புதுசா உள்ள வர்ற கிளையன்ட்டுக்கும் அது தெரியணும். அதனால ஒவ்வொரு கருவியோட கடைசி நிலையையும் சர்வர் நினைவுல வச்சிருந்து, புதுசா வர்றவருக்கு முதல் மெசேஜா அதையே கொடுக்கணும்.

வழியில தொலையிற மெசேஜ்

சர்வருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஜீரோ-எம்-க்யூ லைப்ரரியை நிறைய பேர் பயன்படுத்துறாங்க. அதுல 'ரூட்டர்' வகை சாக்கெட், வர்ற ஒவ்வொரு மெசேஜ் முன்னாடியும் அனுப்பினவரோட அடையாளத்தை ஒட்டிக் கொடுக்கும். பதில் அனுப்பும்போது அதே அடையாளத்தை முன்னாடி வச்சா சரியான ஆளுக்குப் போயிடும். ஆனா அந்த ஆள் இப்போ இணைப்புல இல்லேன்னா, வழக்கமான செட்டிங்ல மெசேஜ் சத்தமில்லாம காணாமப் போயிடும். 'ரூட்டர் மேண்டேட்டரி' என்ற ஆப்ஷனை ஆன் பண்ணினாதான் அனுப்ப முடியலன்னு சர்வருக்கே எரர் வரும். 'பப்' வகை சாக்கெட்டும் மெதுவா படிக்கிற கிளையன்ட்டோட வரிசை நிரம்பினா மெசேஜைத் தூக்கிப் போட்டுடும். அறிவிப்புகளுக்கு வரிசை எண் போட்டா 17-க்கு அப்புறம் 19 வரும்போதே நடுவுல ஒண்ணு போச்சுன்னு கிளையன்ட் கண்டுபிடிச்சுடும்.

யாருக்கும் போய்ச் சேராத எரரை என்ன செய்யுறது? லாக் ஃபைல்ல எழுதியே ஆகணும். கேட்டவர் போயிட்டார் என்பதுக்காக சப்ளை சரியாகிடாது இல்லையா?

டைம்அவுட்டுக்கும் ஒரு வார்த்தை. 2 செகண்ட்ல பதில் வரலேன்னா 'நடக்கல'ன்னு அர்த்தம் இல்ல, 'தெரியல'ன்னு அர்த்தம். மோட்டார் ஸ்டேஜுக்கு '5 மில்லிமீட்டர் நகரு'ன்னு அனுப்பி, பதில் வராம மறுபடியும் அனுப்பினா அது 10 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம். '25-வது மில்லிமீட்டருக்குப் போ'ன்னு அனுப்பினா எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரே இடம்தான். மறுபடி அனுப்பலாமா என்ற முடிவு கட்டளையோட வகையைப் பொறுத்தது. அதனால சர்வர் டைம்அவுட்டை வழக்கமான எரரோட கலக்காம, 'முடிவு தெரியாது'ன்னு தனியா சொல்லணும்.

மௌனம் என்றா சரின்னு அர்த்தமா?

பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள்ல இதே பிரச்சினை ஆயிரக்கணக்கான கருவிகளோட வரும். துகள் முடுக்கிகள்ல அதிகம் பயன்படுற எபிக்ஸ் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள்ல ஒவ்வொரு மதிப்போடயும் அதோட தீவிரம் ஒட்டியே வரும்: அலாரம் இல்லை, மைனர், மேஜர், இன்வேலிட். நாலாவதுதான் முக்கியம். கருவியோட தொடர்பு அறுந்தா கடைசியா வந்த எண் திரையில இருந்தாலும் 'இன்வேலிட்'ன்னு குறி விழும். இன்னும் ஒரு தடவைகூட மதிப்பு வாங்காத ரெக்கார்டும் அந்த நிலையிலதான் தொடங்கும். யாராவது 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் அது சரி இல்ல.

பிரான்ஸின் கிரெனோபில் நகர சிங்க்ரோட்ரான் கூடத்துல பிறந்த டாங்கோ இன்னொரு மென்பொருள். புணே அருகே இருக்குற ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியை மேம்படுத்தினப்போ அதோட கட்டுப்பாட்டுக்கு டாங்கோவைத்தான் எடுத்தாங்க. அதுல ஒவ்வொரு எரரும் காரணம், விளக்கம், எங்க பிறந்தது, தீவிரம் என்ற நாலையும் சுமந்து வரும். ஒரு சர்வர் இன்னொரு சர்வரைக் கூப்பிட்டு அங்க எரர் வந்தா, பழையதை அழிக்காம அதுக்கு மேல தன் வரியை அடுக்கும். படிக்கிறவருக்கு வழி முழுக்கத் தெரியும்.

சேர்ந்தும் சேராத எரர்

சரியான ஆளுக்கு எரர் போனாலும், அது அவருக்குப் புரியலேன்னா? இதுக்கு மனுஷ உயிரால விலை கொடுத்த ஒரு உதாரணம் இருக்கு. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி 1985-லிருந்து 1987-க்குள்ள ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சின கதிர்வீச்சைக் கொடுத்துச்சு. மூல காரணம் மென்பொருள் பிழைகளும், முந்தைய மாடல்கள்ல இருந்த ஹார்டுவேர் பாதுகாப்பை எடுத்ததும். ஆனா 1986-ல அமெரிக்காவின் டெக்சஸ்ல நடந்த விபத்துல ஆபரேட்டர் திரையில வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற எண் மட்டும்தான். அது எவ்வளவு ஆபத்துன்னு அதுல இல்ல. சின்னச் சின்ன எரர் தினமும் வர்ற கருவி அது, 'பி' கீயை அழுத்தித் தொடர்றது வழக்கமாகியிருந்துச்சு. அன்னிக்கும் அழுத்தினாங்க. நோயாளியின் அறையிலிருந்து படமும் சத்தமும் வர வேண்டிய இணைப்புகள் ரெண்டுமே அன்னிக்கு வேலை செய்யல.

நம்ம லேப் சப்ளை அந்த அளவுக்கு ஆபத்து இல்லைதான். ஆனாலும் 'எரர் 54' என்பதுக்கும் "சப்ளை 2, சேனல் 1: ஓவர் கரன்ட்டால அவுட்புட் 14:32-க்கு ஆஃப் ஆயிடுச்சு, அதுக்குப் பிறகு எடுத்த ரீடிங் செல்லாது" என்பதுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்ச நஞ்சம் இல்ல. எந்தக் கருவி, எந்தக் கட்டளை, எப்போ, இனி என்ன செய்யலாம், இவ்வளவும் மெசேஜ்ல இருக்கணும்.

உங்க புராஜெக்ட்ல இப்படி ஒரு சர்வர் இருந்தா, ரிவ்யூவுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணிப் பாருங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது கருவியோட கேபிளைப் பிடுங்குங்க: பழைய ரீடிங் அப்படியே பச்சை நிறத்துல நிக்குதா? ரெண்டு லேப்டாப்லருந்து ஒரே நேரத்துல ரெண்டு வேற வேற தப்பான கட்டளை அனுப்புங்க: அவங்கவங்க எரர் அவங்கவங்களுக்கே வருதா? பெரிய ஸ்வீப் ஒண்ணைத் தொடங்கிட்டு கிளையன்ட்டை மூடுங்க: நடுவுல வந்த எரர் எங்கயாவது எழுதியிருக்கா? மூணுலயும் உங்க சர்வர் தேறிடுச்சுன்னா, அது காட்டுற ரீடிங்கை நம்பி ரிப்போர்ட் எழுதலாம்.